கையை மட்டும் கேட்டவள்

எங்கள் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் புதிய ஒளிப்பெட்டி வந்து இறங்கிய அன்று, பழையதைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அத்தனை வருஷமும் நின்றபடியே இருந்த ஒரு பொருளைப் படுக்கவைத்தால், அது அந்த நொடியே பிணமாகிவிடுகிறது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் என்னையும் கேக் வெட்டக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த செவிலியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அக்கா, தோல்ல வர்ற லிம்போமா கேன்சருக்கு என்னென்ன ட்ரீட்மென்ட்னு வரிசையா எழுதிக் குடுங்க. படிச்சா மண்டையில ஏற மாட்டேங்குது. நீங்க கையால செஞ்சவங்க."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். களிம்பு. ஒளி. மாத்திரையோடு ஒளி. வாரம் ஒரு மாத்திரை. ஊசி. கதிர். எழுதி முடித்துப் பார்த்தால், அது ஒரே ஒரு பெண் நடந்துபோன பாதையாக இருந்தது. ஒவ்வொரு சொல்லிலும் அவள் கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள், கொஞ்சம் சிரித்திருக்கிறாள், பிறகு அடுத்ததற்குப் போயிருக்கிறாள். வரிசையைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவளை எழுதுகிறேன். சிகிச்சைகள் தானாக வரும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூலக்குளத்தில் வயல்கள் மனைகளாகிக்கொண்டிருந்த காலத்தில் நர்சிங் படிக்கப் போனேன். ஊசி போடப் பழகினோம், சுருக்கமில்லாமல் படுக்கை விரிக்கப் பழகினோம், அழாமல் இருக்கப் பழகினோம். முதல் இரண்டும் கைக்குள் நின்றன. விபத்துப் பிரிவு, பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு என்று சுற்றிவிட்டுத் தோல் பிரிவுக்கு வந்தபோது, பதவி மூப்பில் பெரிய சிஸ்டர் ஒருவர் என் முதுகில் தட்டினார். "அதிர்ஷ்டக்காரி நீ. தோல் வார்டுல யாரும் சாக மாட்டாங்க. சொறிஞ்சிக்கிட்டே வருவாங்க, சொறிஞ்சிக்கிட்டே போவாங்க."

நானும் நம்பினேன். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். புதுச்சேரிக்காரர்கள் எந்த ஆஸ்பத்திரியை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் தெரேஸ். வீட்டில் பிரெஞ்சும் தமிழும் ஒரே தட்டில் பரிமாறும் குடும்பம். கட்டுப் பிரிக்கும்போது நாங்கள் அவசரப்பட்டால், "துஸ்மான், துஸ்மான்" என்பார். மெல்ல, மெல்ல என்று அர்த்தம். அந்தச் சொல் எங்கள் பிரிவில் கூட்டிப் பெருக்குகிறவர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. தரையில் வழுக்கி விழப்போன ஒருவரைப் பார்த்து அவர் "துஸ்மான்யா!" என்று கத்தியதை நானே கேட்டிருக்கிறேன்.

டாக்டர் தெரேஸ் நோயாளியைப் பார்க்கும் முறையைச் சொல்ல வேண்டும். முதலில் ட்யூப்லைட்டை அணைக்கச் சொல்வார். மரச் சன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறப்பார். திரையை இழுத்துவிட்டு, நோயாளியைப் பகல் வெளிச்சத்தில் நிற்கவைப்பார். முழுசாக. "பாதி உடம்பைப் பார்த்தா பாதி நோய்தான் தெரியும்" என்பது அவர் எங்களுக்குச் சொன்ன ஒரே பாடம். பெண்கள் கூசிக் குறுகுவார்கள். அவர் தன் இரண்டு உள்ளங்கைகளையும் சூடுவரத் தேய்த்துக்கொண்டு, உறை போடாத விரல்களின் பின்புறத்தால் தோலைத் தடவிக்கொண்டே வருவார். தடவும்போது வாய் வேறெதையாவது பேசும். கத்திரிக்காய் விலை, பள்ளிக்கூடம், பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று. விரல் ஓரிடத்தில் நிற்கும்போது பேச்சும் நிற்கும்.

இந்த நோயை அவர் நோயாளிகளுக்கு விளக்கும் விதம் எனக்கு மனப்பாடம். ரத்தத்தில் காவலுக்குச் சுற்றும் வெள்ளணுக்களில் ஒரு வகை உண்டு. தோல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போவது அதன் வேலை. சில அணுக்கள் வந்த இடத்திலேயே தங்கிவிடும். பெருகும். போகச் சொன்னாலும் போகாது. முதலில் படை மாதிரி ஒரு திட்டு. பிறகு தடிப்பு. சிலருக்குப் பிறகு கட்டி. பெரும்பாலும் அவசரமில்லாத புற்று இது. களிம்போடும் ஒளியோடும் பேரன் பேத்தி எடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி எழுத எனக்குக் கை வர மாட்டேன் என்கிறது. அவர்கள் நன்றாக இருக்கட்டும்.

இது பிடித்து ஆரம்பிக்கும் இடங்கள் விசித்திரமானவை. பெரும்பாலும் வெயில் படாத இடங்கள். இடுப்பு, புட்டம், தொடையின் உட்புறம், மார்பின் அடிப்பக்கம். துணியே வீடு அதற்கு.

அஞ்சலாட்சிக்கும் துணிக்குள்தான் ஆரம்பித்தது. அவள் இப்போது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதிக்கொண்டு போகும்போது நடுவில் யாரும் நம்பிக்கை வைத்து ஏமாற வேண்டாம்.

குருசுக்குப்பத்துக்காரி. என் வயதுதான் இருக்கும். புருஷன் செல்வராசு கடலுக்குப் போகிறவர். அவள் கூடை எடுத்து முத்தியால்பேட்டைத் தெருக்களில் மீன் விற்கிறவள். துணிக்குள் இருந்த திட்டுகளைப் படை என்று நினைத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய களிம்புகளை வருஷக்கணக்காகப் பூசியிருக்கிறாள். அடங்கும், வரும். மறைவாக இருந்தவரை அவளுக்கும் கவலை இல்லை. அது கைக்கு வந்த பிறகுதான் எங்களிடம் வந்தாள். இரண்டு புறங்கையிலும் செம்பு நிறத்தில் தடிப்பு. விரல் மூட்டுகளில் வெடிப்பு.

"என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டார்.

"என்னை ஒண்ணியும் பண்ணல டாக்டரம்மா. மீன் வாங்க வர்றவங்களைத்தான் பண்ணுது."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"மீனத் தூக்கிக் காட்டுனா கையப் பாக்குறாங்க. 'நாளைக்கு வாங்கிக்கிறேன்'னு கதவச் சாத்திக்கிறாங்க. எதிர்வூட்டுல போயி வேற கூடைக்காரிகிட்ட வாங்குறாங்க. பெரிய வியாதின்னு தெருவுல ஒரு பேச்சு. எனக்கு வேற எதுவும் வேணாம். கையி சுத்தமாவணும்."

அன்றைக்குச் சன்னலோரம் அவளை நிற்கவைத்து டாக்டர் தடவிக்கொண்டே வந்தார். சங்கரா மீனைப் பற்றிப் பேச்சு. இடுப்பில் விரல் நின்றது. சங்கராவும் நின்றது.

தோலில் ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கரப்பான் மாதிரி இருக்கிறது என்று வந்தது. டாக்டர் தெரேஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த நோய் முதல் வெட்டில் அகப்படுவது அபூர்வம். களிம்பை நிறுத்தச் சொல்லி, கொஞ்சம் காத்திருந்து, வேறோர் இடத்தில் வெட்டினார். பிறகு இன்னோர் இடத்தில். கடைசியில் அகப்பட்டது. டாக்டர் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்துவந்து, நாற்காலியை அவள் முட்டிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"இது தோல்ல வர்ற ஒரு வகை கேன்சர்மா."

"தோல்லதானே?"

"இப்போதைக்குத் தோல்லதான்."

"சரியாயிடுமா?"

"அடக்கலாம்."

டாக்டர் தெரேஸ் யாரிடமும் 'சரியாகிவிடும்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல் அவர் வாயில் இல்லை.

"அடக்குறதுன்னா எப்படி? வூட்டு நாயி அடங்குற மாதிரியா, கடலு அடங்குற மாதிரியா?"

டாக்டர் யோசித்தார். "கடல் மாதிரி" என்றார்.

"அப்ப மறுபடி எழும்பும்னு சொல்றீங்க" என்றாள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பி, "களிம்பு எங்க வாங்கணும் சிஸ்டரு?" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தோம். வீரியமான ஸ்டீராய்டு களிம்பு. மெல்லிய திட்டுகள் அதிலேயே கரைந்தன. தடித்தவை கேட்கவில்லை. அடுத்து ஒளி. ஆள் உயரக் குழல் விளக்குகள் சுற்றிலும் நிற்கும் ஒரு பெட்டி. நடுவில் நோயாளி நிற்க வேண்டும். பிடித்துக்கொள்ளத் தலைக்கு மேலே ஒரு கம்பி. நான் வெளியே நின்று நேரம் வைப்பேன். முதலில் மாத்திரை இல்லாத ஒளி. அது மேலாகத் தொட்டுவிட்டுப் போகும். திட்டுகள் போயின, தடிப்புகள் நின்றன. ஆகவே மாத்திரையோடு வேறு ஒளி. சாப்பிட்டுவிட்டு மாத்திரை போட வேண்டும். அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு வந்து காத்திருக்கும். பிறகு பெட்டிக்குள் நின்றால், ஒளி ஆழமாக இறங்கி அந்த மாத்திரையைத் தட்டி எழுப்பும். எழுந்த மருந்து, போகாமல் தங்கிய அணுக்களைக் கொல்லும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. மாத்திரை உள்ளே இருக்கும் நாள் முழுக்கத் தோலுக்கு விளக்கும் சூரியனும் ஒன்றுதான். வெயிலில் போனால் வெந்துவிடும். கண்ணுக்குள்ளும் மாத்திரை இருக்கும் என்பதால், வீட்டுக்குள் சன்னலோரம் உட்கார்ந்தாலும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். இதை ஓர் அலுவலக குமாஸ்தாவிடம் சொல்லலாம். தலையில் கூடையோடு உச்சி வெயிலில் தெருத்தெருவாகப் போகிறவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். கேட்டுக்கொண்டாள். ஒளி எடுக்கும் நாட்களில் கூடையை நாத்தனாரிடம் கொடுத்தாள். முழுக்கைச் சட்டை, குடை, கறுப்புக் கண்ணாடி என்று வந்து போனாள்.

"தெருவே சிரிக்குது சிஸ்டரு. அஞ்சலாட்சி சினிமாவுல நடிக்கப் போறாளாம். ஆமாடி, இனிமே டிக்கெட் எடுத்துத்தான் என்னைப் பாக்கணும்னுட்டேன்."

பெட்டிக்குள் போகும் முன் கண்ணுக்கு மூடி போட்டுக்கொள்வாள். துணியை மடித்து ஸ்டூலில் வைப்பாள். விளக்குகள் எரியும். கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்த்தால், நீலமும் ஊதாவுமான ஒரு வெளிச்சம், நடுவே ஒரு முதுகு. அந்த வெளிச்சத்துக்கு ஒரு வாசனை உண்டு. வெயிலில் காய்ந்த போர்வையின் வாசனை மாதிரி, கொஞ்சம் கருகலோடு. இன்றைக்கும் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனால், அந்த வாசனை என்னை ஒரு நிமிஷம் நிறுத்திவிடும்.

வாரங்கள் போயின. உடம்பு தெளிந்துகொண்டே வந்தது. தோல் கறுத்தது, தடிப்புகள் இறங்கின. கைகளும் இறங்கின. ஒரே ஓர் இடம் மட்டும் அசையவில்லை. நெஞ்சுக் குழியில், சரியாக ஒரு கைப்பிடி அகலத்துக்கு, சிவந்து தடித்து அப்படியே நின்றது. ஒளியைக் கூட்டிப் பார்த்தோம். சுற்றியிருந்த தோல் கன்றிப்போனது, அது அசையவில்லை. பயிற்சி டாக்டர்கள் அது மட்டும் வேறு வகையாக மாறிவிட்டதோ என்று பயந்தார்கள்.

டாக்டர் தெரேஸ் சன்னலைத் திறந்துவைத்து அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பெட்டிக்குள்ள எப்படிம்மா நிப்பே? இங்க நின்னு காட்டு" என்றார்.

அஞ்சலாட்சி நின்றாள். இடது கை மேலே, இல்லாத கம்பியைப் பிடித்தது. வலது கை தானாகவே நெஞ்சுக்குப் போய், தாலியைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு, மூடிக்கொண்டது.

அந்தக் கையைப் பார்த்தோம். அது மூடியிருந்த அளவையும் பார்த்தோம்.

"அதை ஏம்மா பிடிச்சிருக்கே?"

"நீங்க கழட்டச் சொல்லிட்டா?" என்றாள். "எக்ஸ்ரே எடுக்கிற எடத்துல கழட்டச் சொன்னாங்க. நான் எடுக்காமலே வந்துட்டேன். இங்கயும் மெசின்தானே? நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே மூடிக்கிட்டேன். நான் பொட்டிக்குள்ள நிக்கிற நேரம் அவரு கடல்ல இருக்காரு டாக்டரம்மா. அவரு கரை ஏறாத நேரத்துல இத நான் எப்படிக் கழட்டுவேன்?"

டாக்டர் தெரேஸ் தன் கழுத்திலிருந்த சின்னச் சிலுவையை விரலால் தொட்டுவிட்டு, "கழட்ட வேணாம். முதுகுப் பக்கம் தள்ளிப் போட்டுக்கோ" என்றார்.

"முதுகுக்கா?" அவளுக்குப் பிடிக்கவில்லை. "பல்லுல கடிச்சிக்கிட்டா ஆவாதா?"

ஆயிற்று. அன்றிலிருந்து பெட்டிக்குள் இரண்டு கையும் கம்பியில் இருந்தன. தாலி பல்லுக்கிடையில். வெளியே வரும்போது தாடை வலிக்குது என்று சிரிப்பாள். அந்த இடமும் மெல்ல மங்கி, கரைந்து போயிற்று. நாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்த மாதங்கள் அவை. ஒளியை நிறுத்தினோம். கறுப்புக் கண்ணாடியை யார் வீட்டுப் பேத்திக்கோ விளையாடக் கொடுத்தாள். கூடையைத் திரும்ப எடுத்தாள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் மறுபடி வந்தாள். தொடையில் ஒரு கட்டி. எலுமிச்சை அளவு, பளபளப்பாக, நடுவில் புண். டாக்டர் சன்னலைத் திறக்கச் சொல்லவில்லை. ட்யூப்லைட்டிலேயே தெரிந்தது. வெட்டி அனுப்பினோம். அணுக்கள் பெரிதாகி, வேகம் பிடித்துவிட்டன என்று வந்தது. கைகளில் தடிப்பு திரும்பியிருந்தது. தோளில், முதுகில், அக்குளில் முளைகள் எழும்பத் தொடங்கின.

வாரம் ஒரு நாள் மட்டும் போடும் மாத்திரை கொடுத்தோம். தினம் போட்டால் அதுவே விஷம். செல்வராசுவே எடுத்துக் கொடுப்பார், அவளை நம்பவில்லை. கொஞ்சம் நின்றது, பிறகு மீறியது. அடுத்து இன்டர்ஃபெரான் ஊசி. போட்ட ஒவ்வொரு நாளும் குளிரும் காய்ச்சலும் வரும். "உச்சி வெயில்ல எனக்கு மட்டும் மார்கழி வருது சிஸ்டரு" என்பாள், போர்வைக்குள்ளிருந்து. அதுவும் மீறியது.

பிறகு உடம்பு முழுக்க எலெக்ட்ரான் கதிர். தோலின் ஆழத்தைத் தாண்டாமல் மேலேயே நின்றுவிடும் கதிர் அது. வேறொரு பெரிய நகரத்துக்குப் போய்த் தங்கி எடுக்க வேண்டும். செல்வராசு கடலை விட்டுவிட்டுக் கூடப் போனார். திரும்பி வந்தபோது அவளுக்கு முடி இல்லை, நகங்கள் இல்லை. தோல் மட்டும் குழந்தைத் தோல் மாதிரி இருந்தது. ஒரு முளை இல்லை. எங்களுக்கு வறுத்த நெத்திலி கொண்டுவந்திருந்தாள்.

"கூத்தாடற மாதிரி நிக்க வெக்கிறாங்க சிஸ்டரு. ஒரு கைய மேல தூக்குங்கிறான், ஒரு கால முன்னாடி வையிங்கிறான், திரும்புங்கிறான். தாளம் போட ஆளில்லாததுதான் குறை."

எல்லோரும் சிரித்தோம். டாக்டர் தெரேஸ் மட்டும் விரல்களின் பின்புறத்தால் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். தடவ வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தோலை ஒருமுறை, நன்றாக இருக்கும்போதே, பார்த்துவைத்துக்கொண்டார்.

அவள் தலையில் முடி கட்டை விரல் நீளம் வளர்வதற்குள் நோய் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை நெறிகட்டிகளும் சேர்ந்து வந்தன. தோளில் இருந்த கட்டி உடைந்து கசிந்தது. கைகள் முன்னைவிட மோசம். விரலை மடக்க முடியவில்லை.

அன்றைக்கு டாக்டர் அவளையும் செல்வராசுவையும் உட்காரவைத்தார். நானும் ஒரு பயிற்சி டாக்டரும் நின்றோம்.

"இன்னும் இன்னா இருக்குதோ எல்லாத்தையும் சொல்லிடுங்க டாக்டரம்மா" என்றாள் அஞ்சலாட்சி.

டாக்டர் சொன்னார். நரம்பில் ஏற்றும் கீமோ இருக்கிறது. சுருங்கும், கொஞ்ச காலம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் சுருக்கும், புண் வழியாகக் கிருமி ஏறும். புதிய மருந்துகள் சில இருக்கின்றன. எழுதிக் கேட்டுப் பார்த்துவிட்டேன், இங்கே நமக்குக் கிடைக்க வழியில்லை. எலும்பு மஜ்ஜை மாற்றினால் சிலருக்கு நீண்ட காலம் நிற்கும். ஆனால் அதற்கு முதலில் நோய் அடங்கியிருக்க வேண்டும். உன் உடம்பும் இப்போது தாங்காது.

"இதுல எது முடிச்சி வெக்கும்?"

டாக்டர் தெரேஸ் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்தார், வைத்தார். "எதுவும் முடிச்சு வைக்காதும்மா."

"அடக்கறதுக்கு?"

"கொஞ்ச நாள்."

அஞ்சலாட்சி தன் இரண்டு கைகளையும் மேசை மேல் எடுத்து வைத்தாள். கட்டுப் போட்டிருந்தது. "அப்ப எனக்கு இதை மட்டும் சுத்தம் பண்ணிக் குடுங்க."

செல்வராசு திரும்பினார். அதுவரை வாயைத் திறக்காதவர். "கையி எதுக்குடி? உசுரு போவுதுன்னு சொல்றாங்க, கையக் கேக்குறியே. நான் சம்பாரிக்கிறேன்ல? நீ வூட்டுல உக்காரு."

"உக்காந்தா எல்லாரும் வந்து வந்து பாத்துட்டுப் போவாங்க. உச்சு கொட்டுவாங்க. ஆரஞ்சு வாங்கியாருவாங்க. எனக்கு நாலு தெரு போவணும், நாலு பேரு கிட்ட சண்ட போடணும். மீதிய துணி போட்டு மூடிக்கிறேன். கைய எங்க மூடுவேன்? கையில்லாம மீன் எப்படி விப்பேன்?"

"யாருடி உன்கிட்ட வாங்குவா?"

"கையி சுத்தமா இருந்தா வாங்குவாங்க."

செல்வராசு எழுந்து வெளியே போய்விட்டார். தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார், வெகுநேரம்.

"கைக்கு மட்டும் கதிர் குடுக்கலாம்" என்றார் டாக்டர். "கொஞ்ச நாள்ல முடிஞ்சிடும். இந்த நோய் கதிருக்குச் சட்டுன்னு இறங்கும். கை தெளிஞ்சிடும்."

அவர்கள் போன பிறகு பயிற்சி டாக்டர் கேட்டார். நல்ல பிள்ளை அவர், அக்கறையோடுதான் கேட்டார். "மேடம், உடம்பெல்லாம் பரவியிருக்கு. கையை மட்டும் சுத்தம் பண்ணி என்ன மேடம் ஆகப்போகுது?"

"மீன் விப்பா" என்றார் டாக்டர் தெரேஸ். சன்னல் கதவுகளை இழுத்துச் சாத்திவிட்டு அறையைவிட்டுப் போனார்.

கதிர்ப் பிரிவுக்கு நான் கூடப் போனேன். மேசை மேல் இரண்டு கைகளையும் விரல் விரித்து வைக்கச் சொன்னார்கள். மருதாணி போடக் கொடுக்கிற மாதிரி வைத்தாள். வலியில்லை. சத்தமில்லை. நாட்கள் போகப் போகத் தடிப்பு மெழுகு மாதிரி இறங்கியது. வெடிப்புகள் மூடின. நான் வாசலின் தடவிவிடுவேன், ஒவ்வொரு விரலாக. அந்தக் கைகள் சுத்தமாகிக்கொண்டே வர, மணிக்கட்டுக்கு மேலே கட்டிகள் ஏறிக்கொண்டே வந்தன. அவள் கையைத்தான் பார்த்தாள். நான் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"மடங்குது பாரு சிஸ்டரு" என்று விரல்களை மூடித் திறந்து காட்டினாள்.

சில வாரங்கள் அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. கட்டு மாற்ற வர வேண்டியவள். ஒருநாள் காலை, இரவு வேலை முடிந்து, வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து, பஸ்ஸை விட்டு முத்தியால்பேட்டையில் இறங்கினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை. தெரு முனையில் குரல் கேட்டது. "வஞ்சிரம், வஞ்சிரம், இப்ப எறங்குனது!"

கூடையை இறக்கி வைத்து, அரிவாள்மணை போட்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் துண்டு. செல்வராசுவின் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்துப் பொத்தான் வரை போட்டு, புடவைக்கு மேலே. உள்ளே எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னால்கூட முழுசாகப் பார்க்க முடியாத உடம்பு அது. சட்டைக் கைகளுக்கு வெளியே அந்த இரண்டு கைகள் மட்டும் தெளிவாக, வேகமாக, ஈரமாக, மீனைப் புரட்டிச் செதிள் சீவிக்கொண்டிருந்தன. சுற்றிலும் சனம்.

"இந்தச் சங்கரா நேத்துதாம்மா?" என்று ஒரு மாடி வீட்டு அம்மா கேட்டார்.

"நேத்துதா? செவுளத் தூக்கிப் பாரு. நேத்து நீ இன்னா சமைச்சன்னு இதுக்குத் தெரியும், அவ்ளோ புதுசு."

"வாய் மட்டும் குறைச்சலில்லை. ஏம்மா, சட்டையில ரத்தம். தோள் பக்கம் பாரு."

தோளில் துணி நனைந்து, கட்டம் கட்டமாகச் சிவந்து, அகலமாகிக்கொண்டிருந்தது.

அஞ்சலாட்சி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மீன் ரத்தம்தாம்மா."

"தோள்லயா?"

"கூடை ஒழுகும்ல. கொழம்புக்கா, வறுக்கவா?"

"கொழம்புக்கு. நல்லா அலசிக் குடு."

அவள் வாளித் தண்ணீரில் துண்டுகளை அலசினாள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பையில் பஞ்சும் கட்டுத் துணியும் வைத்திருந்தேன். கையைப் பைக்குள் விட்டேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் மலர்ந்தது, உடனே கண்கள் என் வெள்ளைக் கோட்டுக்கு இறங்கின.

"நீ போ சிஸ்டரு" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இந்தக் கோட்டோட இங்க நிக்காத. வாங்க வர்றவங்க பாக்குறாங்க."

மாடி வீட்டு அம்மா ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும், அவளையும். நான் பைக்குள்ளிருந்து கையை வெறுமையாக வெளியே எடுத்தேன். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்டேன். ஒரு விலை சொன்னாள், யாரிடமோ சொல்வது போல. அதிகம் என்றேன். "அப்ப வேற எடம் பாரும்மா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

திரும்பி நடந்தேன். பின்னால் அவள் அடுத்தவருக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தாள்.